அந்தி ஒளியும் பன்னிரண்டு படங்களும்

கடற்கரையிலோ மலை முகட்டிலோ நின்று சூரியன் மறைவதைக் கண்டு மகிழாதவர் நம்மில் எவரும் இரார். கையில் காமிரா இருந்துவிட்டால், அந்தக் காட்சியை அப்படியே படம் பிடித்து வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையும் உடனே எழுந்துவிடுகிறது. ஆனால் படம் கைக்கு வந்ததும் பலர் அடைவது ஏமாற்றமே. கண்ணுக்குத் தங்கத் தாம்பாளம்போலத் தெரிந்த சூரியன் படத்தில் ஒரு சிறு வெள்ளைப் பொட்டாக இருக்கும். பாறையும் படகும் மனிதர்களும் அடையாளம் தெரியாமல் கறுத்துப் போயிருப்பர். காமிரா பொய் சொல்லிவிட்டதா, அல்லது நம் கண்தான் நம்மை ஏமாற்றியதா? இந்தக் கேள்விக்கு விடை தேடுவதற்கு முன், நான் ஏமாந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பிறர் ஏமாந்த கதையைக் கேட்பதில் மாணவர்களுக்கு எப்போதுமே தனி உற்சாகம் உண்டு அல்லவா?

1978ஆம் ஆண்டு ஜனவரி மாதம், பொங்கல் விடுமுறை. நான் கல்லூரியில் பௌதிகம் படித்துக்கொண்டிருந்தேன். குடும்பத்தோடு கன்னியாகுமரிக்குப் போவதென்று முடிவாயிற்று. என் தாயார் அதுவரை கடலைப் பார்த்ததில்லை. எங்கள் தெருவில் போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர், என் ஆர்வத்தைக் கண்டு, தம்முடைய இரட்டை லென்ஸ் காமிராவையும், ஒளியை அளக்கும் மானி ஒன்றையும், கறுப்பு-வெள்ளைப் பிலிம் சுருள் ஒன்றையும் தந்தார். தரும்போது, “தம்பி, இதில் பன்னிரண்டுதான். பதின்மூன்றாவது கிடையாது, பார்த்துக்கிடுங்க” என்று சொன்னார். நான் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

அன்று மாலை, முனைக்கு மேற்கேயுள்ள கரையில் நின்றேன். சூரியன் கடலை நெருங்க நெருங்க எனக்குப் பரபரப்பு ஏறிற்று. ஒளிமானியை நேரே சூரியனுக்கு நீட்டினேன். அது காட்டிய எண்ணைக் காமிராவில் வைத்தேன். அழுத்தினேன், சுற்றினேன், மறுபடி அழுத்தினேன். சூரியனின் கடைசி விளிம்பு நீரில் அமிழ்ந்தபோது பன்னிரண்டாவது படமும் முடிந்துவிட்டது. திருப்தியோடு நிமிர்ந்தேன். அதற்குப் பின்தான் ஆகாயம் முழுவதும் மெல்ல மெல்லச் செம்மை படர்ந்தது. அலையில் கால் நனைத்து நின்றிருந்த என் தாயாரின் முகத்தில் அந்த ஒளி விழுந்தது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்து, “ஐயா, என்னையும் ஒரு படம் எடேன்” என்றார். அதுவரை என்னிடம் ஒரு படம் எடுக்கும்படி அவர் கேட்டதே இல்லை. “பிலிம் தீர்ந்துபோச்சே அம்மா” என்றேன். “சரி, போகட்டும்” என்று சொல்லிவிட்டு மறுபடி கடலின் பக்கம் திரும்பிக்கொண்டார். நான் எடுத்த பன்னிரண்டு படங்களும் ஒன்றுக்கும் உதவவில்லை என்பது இரண்டு நாள் கழித்து அண்ணாச்சியின் இருட்டறையில் தெரிந்தது.

அன்று நான் செய்த பிழைகள் மூன்று. சூரியனை அளந்து தரையை மறந்தேன். அஸ்தமனம் முடிந்ததும் காட்சி முடிந்தது என்று எண்ணினேன். இருந்த பன்னிரண்டையும் பங்கிட்டுச் செலவிடத் தெரியாமல் போனேன். இம்மூன்றையும் பற்றியே இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

முதலில் காமிராவைப் பற்றிச் சில வார்த்தைகள். நடுத்தர அளவுக் காமிரா என்று சொல்லப்படுவது, 120 என்ற எண்ணுள்ள பிலிமைப் பயன்படுத்தும் காமிரா. 120 என்பது நீளமும் அன்று, அகலமும் அன்று. கோடாக் நிறுவனம் தன் பிலிம் வகைகளுக்கு இட்ட வரிசை எண்களுள் அது ஒன்று. 1901ஆம் ஆண்டில், ‘பிரௌனி’ என்னும் எளிய பெட்டிக் காமிராவின் இரண்டாம் வகைக்காக இது வெளிவந்தது. நூற்றிருபது ஆண்டுகளுக்கு மேலாகியும் கோடாக், இல்போர்ட் முதலிய நிறுவனங்கள் இதை இன்றும் செய்கின்றன. நம் நாட்டிலும் உதகமண்டலத்தில் 1960இல் நிறுவப்பெற்ற இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலை, 1967 முதல் ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்து வந்தது. அந்த ஆலை இன்று இயங்கவில்லை.

இந்தப் பிலிம் ஏறக்குறைய 6 சென்டிமீட்டர் அகலமுள்ளது. சதுரப் படம் எடுக்கும் காமிராவில் ஒவ்வொரு படமும் 56 மில்லிமீட்டர் நீளமும் 56 மில்லிமீட்டர் அகலமும் கொண்டிருக்கும். ஒரு சுருளில் 12 படங்கள் கிடைக்கும். வழக்கமான 35 மில்லிமீட்டர் பிலிமில் ஒரு படம் 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவினது. இரண்டின் பரப்பையும் பெருக்கிப் பாருங்கள். ஒன்று 3,136 சதுர மில்லிமீட்டர், மற்றது 864. அதாவது மூன்றரை மடங்குக்கும் சற்று அதிகம். படத்தைச் சுவரில் மாட்டும் அளவுக்குப் பெரிதாக்கும்போது, சிறிய பிலிம் எவ்வளவு விரிய வேண்டுமோ அவ்வளவு இது விரிய வேண்டியதில்லை. ஆகையால் மணல் துகள் போன்ற பொரிப்பு குறைவாகத் தெரியும். மேகத்தின் மெல்லிய நிழல்களும், வெளிச்சத்திலிருந்து இருட்டுக்குப் படிப்படியாக இறங்கும் சாயல்களும் குலையாமல் வரும். அந்தி வானம் என்பதே அத்தகைய சாயல்களின் தொகுதிதானே!

அண்ணாச்சி தந்த காமிரா இரட்டை லென்ஸ் வகையைச் சேர்ந்தது. ஜெர்மனியில் 1929ஆம் ஆண்டு வெளிவந்த ‘ரோலிபிளெக்ஸ்’ இவ்வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு லென்ஸ்கள் இருக்கும். கீழேயுள்ளது படம் எடுப்பதற்கு, மேலேயுள்ளது பார்ப்பதற்கு. மேல் லென்ஸ் வழியாக வரும் ஒளி, சாய்வான கண்ணாடி ஒன்றில் பட்டு மேலே திரும்பி, சொரசொரப்பான கண்ணாடித் தகட்டில் பிம்பமாக விழும். காமிராவை இடுப்பளவில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து அதைப் பார்க்க வேண்டும். அதில் ஒரு வேடிக்கை உண்டு. பிம்பத்தில் இடமும் வலமும் மாறியிருக்கும். கடலில் தோணி இடப்பக்கம் போனால் தகட்டில் அது வலப்பக்கம் போகும். முதலில் தடுமாற்றமாக இருக்கும். ஆனால் அந்தத் தடுமாற்றமே ஒரு நன்மை. அவசரப்பட முடியாமல் அது நம்மை நிறுத்திவிடுகிறது.

இனி, ஆகாயத்தில் நடப்பதைக் கவனிப்போம். சூரிய ஒளி காற்று மண்டலத்தின் வழியாக வரும்போது, காற்றின் மூலக்கூறுகள் நீல ஒளியை அதிகமாகவும் சிவப்பு ஒளியைக் குறைவாகவும் சிதறடிக்கின்றன. 1871இல் இந்த விதியை வகுத்துக் காட்டியவர் ஆங்கில விஞ்ஞானி ராலே பிரபு. சிவப்பைக் காட்டிலும் நீலம் நான்கு மடங்குக்கு மேல் சிதறுகிறது. உச்சியில் இருக்கும் சூரியனின் ஒளி கடந்து வரும் காற்றைவிட, அடிவானத்தில் இருக்கும் சூரியனின் ஒளி சுமார் 38 மடங்கு காற்றைக் கடந்து வர வேண்டும். வழியிலேயே நீலம் சிதறிப்போக, மிஞ்சிய செம்மைதான் நம்மை வந்து சேர்கிறது. மற்றொரு விந்தையும் உண்டு. காற்று ஒளியை வளைப்பதால், அடிவானத்தில் உள்ள பொருள் சுமார் 34 கலை உயர்ந்து தெரியும். ஒரு பாகையில் 60 கலைகள். சூரிய வட்டத்தின் விட்டமோ ஏறக்குறைய 32 கலைதான். எனவே, சூரியனின் கீழ் விளிம்பு கடலைத் தொடுவதாக நாம் காணும் அந்த விநாடியில், உண்மைச் சூரியன் முழுவதும் கடலுக்குக் கீழே போய்விட்டிருக்கிறது! நாம் படம் எடுப்பது போய்விட்ட சூரியனின் பிம்பத்தைத்தான்.

எவ்வளவு நேரம் நமக்குக் கிடைக்கிறது என்பது அடுத்த கேள்வி. மேலை நாட்டார் எழுதிய போட்டோப் புத்தகங்களை நம்பிப் போகிறவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுவார்கள். கன்னியாகுமரி பூமத்திய ரேகைக்கு வடக்கே 8 பாகையில் இருக்கிறது. அங்கே சூரியன் ஏறக்குறைய நேர்செங்குத்தாகக் கீழே இறங்குகிறது. ஜனவரி நடுவில் மாலை 6 மணி 20 நிமிஷ அளவில் அஸ்தமனம் ஆகும். விளிம்பு கடலைத் தொட்டதிலிருந்து முழுவதும் மறைய 2 நிமிஷமும் 20 விநாடியும் போதும். லண்டன் நகரில் அதே நாளில் சூரியன் சாய்வாக இறங்குவதால் 4 நிமிஷத்துக்கு மேல் ஆகும். அதன் பிறகு, வெளியில் பொருள்கள் தெளிவாகத் தெரியும் அந்தி வெளிச்சம் லண்டனில் 35 நிமிஷத்துக்கு மேல் நீடிக்கும். நமக்கோ 22 நிமிஷந்தான். ஆகவே, நிதானமாக இருங்கள் என்று அந்தப் புத்தகம் சொல்லும் இடத்தில் நாம் ஆயத்தமாக இருக்க வேண்டும்.

எந்த மாதம் போவது என்பதையும் யோசிக்க வேண்டும். ஜனவரியில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 21 பாகை தெற்கே விலகி, திறந்த கடலில் மறையும். ஜூன் மாதத்திலோ மேற்கிலிருந்து 23 பாகைக்கு மேல் வடக்கே விலகி, கரையின் பக்கமாகப் போய்விடும். கடலில் மறையும் சூரியன் வேண்டுமென்று ஜூனில் போனவர் வீண் அலைச்சல் பட்டவர் ஆவார்.

அஸ்தமனத்தோடு காட்சி முடிவதில்லை என்றேன். நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் உள்ள காற்றின்மீது சூரியனின் கதிர்கள் இன்னும் பட்டுக்கொண்டே இருக்கின்றன. மேற்கு வானம் முழுவதும் ஒரு பெரிய விளக்காக மாறிவிடுகிறது. அந்த விளக்கிலிருந்து வரும் ஒளி கூர்மையான நிழலை உண்டாக்குவதில்லை. பாறையையும் மணலையும் முகத்தையும் மென்மையாகத் தழுவுகிறது. அதே வேளையில் கிழக்கே திரும்பிப் பாருங்கள். கடலின் மேல் சாம்பல் கலந்த நீலப் பட்டை ஒன்று எழும். அதன் மேல் வெளிர் சிவப்புப் பட்டை ஒன்று படிந்திருக்கும். அந்த நீலப் பட்டை வேறொன்றுமில்லை, நாம் நிற்கும் பூமியின் நிழல்! கிழக்கும் மேற்கும் கடலாக இருப்பதால் குமரிமுனையில் இதை நன்றாகக் காணலாம். விவேகானந்தர் பாறையும், 2000ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி திறக்கப்பட்ட 133 அடி உயரத் திருவள்ளுவர் சிலையும் அந்தக் கிழக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. சூரியன் மறையும் தருணத்தில் எல்லோரும் மேற்கே பார்த்து நிற்க, அவர்களுடைய முதுகுக்குப் பின்னால் அந்தக் கற்களின்மேல் பொன்னொளி விழுந்து கொண்டிருக்கும்.

இந்தப் பின்னொளியின் அருமையை உணர்ந்த ஒருவரைப் பற்றிச் சொல்லவேண்டும். 1883ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் ஜாவாவுக்கும் சுமத்திராவுக்கும் இடையே கிரகடோவா எரிமலை வெடித்தது. அதன் தூசும் ஆவியும் உலகைச் சுற்றிப் பரவின. செப்டம்பரில் சென்னையில் சூரியன் பச்சையாகத் தெரிந்தது. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரிப் பேராசிரியர் மிச்சி ஸ்மித் அதை ஆராய்ந்து குறித்து வைத்தார். சில மாதங்களில் லண்டன் வானமும் அந்திதோறும் கனல்போல் சிவந்தது. வண்ணப் படம் எடுக்க அன்று வழியில்லை. வில்லியம் ஆஸ்கிராப்ட் என்னும் ஓவியர் தேம்ஸ் நதிக்கரையில் அமர்ந்து, சூரியன் மறைந்தபின் வானம் மாறுவதைச் சிறிது நேரத்துக்கு ஒருமுறை வண்ணக் கோல்களால் தீட்டினார். 500க்கும் மேற்பட்ட அத்தகைய சித்திரங்களை அவர் வரைந்தார். மற்றவர்கள் சூரியன் போயிற்று என்று வீட்டுக்குத் திரும்பிய வேளையில்தான் அவருக்கு வேலை தொடங்கிற்று.

இனி ஒளியை அளக்கும் விஷயத்துக்கு வருவோம். நம் கண் ஒரு விசித்திரக் கருவி. பிரகாசமான வானத்தைப் பார்க்கும்போது கருவிழித் துளை சுருங்குகிறது. இருண்ட பாறைக்குத் திரும்பும்போது விரிகிறது. இரண்டையும் தனித்தனியே பார்த்து, மூளை ஒன்றாக இணைத்துக் கொள்கிறது. பிலிமுக்கு அந்த வசதியில்லை. முழுக் காட்சிக்கும் அதற்கு ஒரே அளவுதான். அந்த ஒரே அளவைத் தீர்மானிப்பதே போட்டோக்காரரின் பொறுப்பு.

போட்டோக்காரர்கள் ஒளியை ‘ஸ்டாப்’ என்னும் படிகளால் அளப்பார்கள். ஒரு படி ஏறினால் ஒளி இரு மடங்கு, ஒரு படி இறங்கினால் பாதி. வேகம் 100 உள்ள பிலிம் ஒன்றைக் காமிராவில் போட்டு, லென்ஸின் துவாரத்தை எஃப்/16 என்ற அளவில் வைத்திருப்பதாகக் கொள்வோம். சூரியன் மறையச் சில நிமிஷம் இருக்கும்போது, சூரியனுக்குச் சற்று விலகிய வானத்தை அளந்தால் மானி விநாடியில் 30இல் ஒரு பங்கு என்று சொல்லலாம். எதிரே நிழலில் உள்ள பாறையை அளந்தால் அரை விநாடி என்று சொல்லலாம். இரண்டுக்கும் இடையே நான்கு படிகள், அதாவது 16 மடங்கு வேறுபாடு. சூரியனையே அளந்தாலோ 500இல் ஒரு பங்கு என்று கூடச் சொல்லிவிடும். நான் அன்று செய்தது அதுதான். பாறைக்கு வேண்டிய ஒளியில் ஏறத்தாழ 250இல் ஒரு பங்கைத்தான் அதற்குக் கொடுத்தேன். பாறை இருக்கவேண்டிய இடத்தில் நெகடிவ் பளிங்குபோலத் துடைத்துவிட்டிருந்தது. அண்ணாச்சி அதை விளக்கின்முன் பிடித்துக்காட்டி, “வெளிச்சம் படாத இடத்தில் மருந்து என்ன செய்யும் தம்பி?” என்றார்.

அப்படியானால் எப்படி அளப்பது? கறுப்பு-வெள்ளை நெகடிவ் பிலிமுக்கு ஒரு நல்ல விதி உண்டு. நிழலுக்கு ஒளி கொடு; பிரகாசத்தை இருட்டறையில் பார்த்துக்கொள். ஆனால் மானி எதைக் கண்டாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக்கவே கணக்குச் சொல்லும். நமக்கோ பாறை பாறையாக, கறுப்பாகவே இருக்க வேண்டும். ஆகையால், பாறையை அளந்து கிடைத்த அரை விநாடியிலிருந்து இரண்டு படி இறங்கி, 8இல் ஒரு பங்கு விநாடி கொடுத்தால் போதும். பாறை கறுப்பாகவும் இருக்கும், அதன் வெடிப்பும் பாசியும் தெரியவும் செய்யும். வானம் நடு அளவுக்கு இரண்டு படி மேலே நின்று ஒளிரும். நெகடிவ் பிலிம் அதைத் தாங்கும். வண்ண ஸ்லைடு பிலிமின் தாங்கு சக்தியோ மொத்தமே ஐந்து படி அளவுதான். அதில் வானத்தை அளந்து 30இல் ஒரு பங்கு கொடுத்து, பாறையை வெறும் நிழலுருவாக விட்டுவிடுவதே நல்லது. எதைக் காப்பது, எதை விட்டுக்கொடுப்பது என்பதை முன்கூட்டியே தீர்மானிக்காதவனுக்கு இரண்டும் கிடைப்பதில்லை.

இரண்டையும் ஓரளவு காக்க ஓர் உபாயமும் உண்டு. மேல் பாதி சாம்பல் நிறமாகவும் கீழ்ப் பாதி தெளிவாகவும் உள்ள கண்ணாடியை லென்ஸின்முன் வைத்தால், வானத்தின் ஒளி மட்டும் இரண்டு மூன்று படி குறையும். இரட்டை லென்ஸ் காமிராவில் முதலில் அதை மேல் லென்ஸில் வைத்து, சாம்பல் நிறத்தின் விளிம்பு அடிவானத்தோடு பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு, பிறகு அதே நிலையில் கீழ் லென்ஸுக்கு மாற்ற வேண்டும். மாற்ற மறந்தால் கண்ணுக்கு அழகாகத் தெரிந்தது பிலிமில் வராது!

அளவியலை மனத்திலேயே வைத்திருந்த மேதை ஒருவரின் அனுபவம் இங்கே நினைவுக்கு வருகிறது. அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் ஆன்செல் ஆடம்ஸ் 1941ஆம் ஆண்டு இலையுதிர் காலத்தில் நியூ மெக்சிகோ மாகாணத்தில் ஹெர்னாண்டஸ் என்ற சிற்றூரைக் கடந்து காரில் போய்க்கொண்டிருந்தார். கிழக்கே நிலவு எழுந்திருந்தது. மேற்கே மறையும் சூரியனின் கடைசி ஒளி கல்லறைச் சிலுவைகளின்மேல் பட்டது. காரை நிறுத்தி, 8-க்கு 10 அங்குலப் பிலிம் கொள்ளும் பெரிய காமிராவை அவசரமாக நாட்டினார். ஒளிமானியைத் தேடினால் அகப்படவில்லை. ஆனால் நிலவின் பிரகாசம் சதுர அடிக்கு 250 கேண்டில் என்பது அவருக்குத் தெரியும். அதைக்கொண்டே கணக்கிட்டு, எஃப்/32இல் ஒரு விநாடி ஒளி கொடுத்தார். இரண்டாவது படத்துக்குப் பிலிமைத் திருப்புவதற்குள் சிலுவைகளை விட்டு வெயில் நீங்கிவிட்டது. அந்த ஒரே நெகடிவ் உலகப் புகழ் பெற்றது. படிப்பு எங்கே உதவும் என்று கேட்கும் மாணவர்கள் அந்த 250 என்ற எண்ணை நினைத்துக்கொள்ளலாம்.

இனி, தெளிவைப் பற்றி ஓரிரு குறிப்புகள். பெரிய பிலிமுக்கு நீண்ட லென்ஸ் வேண்டும். எனவே அருகே உள்ள பாறையும் தொலைவிலுள்ள அடிவானமும் ஒரே கூர்மையில் விழுவது கடினம். 75 மில்லிமீட்டர் லென்ஸை எஃப்/16இல் வைத்து, 7 மீட்டர் தூரத்துக்குப் போகஸ் செய்தால், மூன்றரை மீட்டரிலிருந்து அடிவானம் வரை தெளிவாக இருக்கும். துவாரம் இவ்வளவு சிறிதானால் நேரம் நீளும். கை நடுக்கம் படத்தைக் கெடுக்கும். ஆகவே மூன்று கால் ஸ்டாண்டும், விரல் படாமல் அழுத்துவதற்குக் கேபிள் ரிலீஸ் என்னும் கம்பி விசையும் அவசியம். அலை வந்துபோகும் ஈர மணலில் ஸ்டாண்டின் கால் மெல்ல மெல்லப் புதையும் என்பதையும் மறக்கலாகாது.

அஸ்தமனத்துக்குப் பின் நேரம் விநாடிக் கணக்கில் போய்விடும். அப்போது பிலிம் ஒரு புது குணத்தைக் காட்டும். மங்கலான ஒளியில் நெடுநேரம் திறந்து வைத்தால், அது தன் கூருணர்ச்சியைச் சிறிது இழந்துவிடுகிறது. ஜெர்மன் வானியலறிஞர் கார்ல் ஷ்வார்ட்சில்டு நட்சத்திரங்களைப் படமெடுக்கும்போது ஆராய்ந்த குணம் இது. எஃப்.பி.4 பிளஸ் என்னும் கறுப்பு-வெள்ளைப் பிலிமில், மானி 4 விநாடி என்றால் ஏறக்குறைய 6 விநாடியும், 10 விநாடி என்றால் 18 விநாடியும் கொடுக்க வேண்டும். அதற்குள் ஒளியும் குறைந்துகொண்டே போகும். ஆகவே, ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக அளக்க வேண்டும்.

எச்சரிக்கையாக இரண்டொரு வார்த்தை. சூரியன் உயரே இருக்கும்போது காமிராவின் லென்ஸ் வழியாக அதை நேரே பார்க்கவே கூடாது. பூதக்கண்ணாடியால் காகிதத்தை எரிக்கும் அதே வித்தை கண்ணுக்குள் நடந்துவிடும். சூரியன் சிவந்து தணிந்தபின்னும் உற்றுப் பார்ப்பது ஆகாது. பிலிமை நிழலில், உடலால் மறைத்துக்கொண்டு மாற்றுங்கள். 120 பிலிமுக்கு உலோகக் கூடு கிடையாது. காகிதச் சுற்றே அதன் காவல். முடிந்த சுருளைத் தளரவிடாமல் இறுக்கிப் பசைக் காகிதத்தை ஒட்டிவிட வேண்டும். பழைய காமிராக்களின் பின்புறத்தில் எண் பார்க்கச் சிவப்புச் சாளரம் ஒன்று இருக்கும். அந்தக் காலத்துப் பிலிம்கள் சிவப்பு ஒளியை உணராதவை. இன்றைய பிலிம் உணரும். எனவே அந்தச் சாளரத்தை வெயிலில் திறந்து வைக்கலாகாது.

இப்போது முக்கியமான விஷயம், பன்னிரண்டைப் பங்கிடும் விதம். நான் பின்னாளில் கைக்கொண்ட முறையைச் சொல்கிறேன். சூரியன் மறைவதற்கு அரை மணிக்கு முன்பே இடத்தைத் தேர்ந்து நிற்பேன். முதல் இரண்டு படங்கள், சாய்ந்த வெயில் படும் பாறைக்கும் மணலுக்கும். சூரியன் அடிவானத்தை நெருங்கும்போது மூன்று. அதற்கு மேல் ஒன்றும் அந்த வட்டத்துக்குத் தரமாட்டேன். பிறகு கிழக்கே திரும்பி இரண்டு. மேற்குப் பின்னொளி மாற மாற நான்கு. இப்படிப் பதினொன்று ஆயிற்று. பன்னிரண்டாவதை நன்றாக இருட்டும்வரை தொடுவதில்லை. நான் எண்ணிப் போகாதது ஏதேனும் எதிர்ப்பட்டால், அதற்காக அது.

நீங்கள் கேட்கலாம்: கைபேசியில் ஒரு மாலைக்குள் இருநூறு படம் எடுத்துவிடலாமே, இந்தக் கஷ்டம் எதற்கு என்று. எடுக்கலாம், எடுங்கள். கைபேசி பல படங்களை இணைத்து வானத்தையும் பாறையையும் ஒருங்கே காட்டவும் வல்லது. ஆனால் அதைத் தீர்மானித்தது யார் என்பதை மட்டும் யோசித்துப் பாருங்கள். பன்னிரண்டே உள்ளவன் ஒவ்வொரு முறையும், எனக்கு வேண்டியது எது என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது. கருவி எதுவானாலும் அந்தக் கேள்வியை நீங்கள் கேட்டுக்கொள்ளலாம்.

1978இல் அந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொள்ளவில்லை. என் தாயார் அதன்பின் கடற்கரைக்கு வரவே நேரவில்லை. மூன்று ஆண்டுகளில் அவர் காலமாகிவிட்டார். வீட்டில் அவருடைய படங்கள் இரண்டு உண்டு. இரண்டும் ஸ்டூடியோவில், நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து எடுத்தவை. அலையில் கால் நனைத்தபடி, செவ்வொளியில் என்னைத் திரும்பிப் பார்த்த அந்த முகம் எந்தப் பிலிமிலும் இல்லை. அடிவானத்தில் அன்று மறைந்த சூரியன் அதற்குப் பின் எத்தனையோ ஆயிரம் முறை அதே கடலில் மறைந்துவிட்டது. அதை என்றைக்கு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

இன்றும் ஆண்டுக்கொருமுறை, ஜனவரியில், பழைய இரட்டை லென்ஸ் காமிராவோடு குமரிக்குப் போய்வருகிறேன். பன்னிரண்டாவது படம் பல முறை எடுக்கப்படாமலே திரும்பி வந்துவிடுகிறது. பிலிமைக் கழுவிக் கொடுக்கும் இளைஞர், “ஐயா, கடைசியில் ஒன்று வெறுமையாக இருக்கிறதே, வீணாகிவிட்டதா?” என்று கேட்பார். இல்லை, அது வீணாகவில்லை என்று சொல்லி வாங்கிக்கொண்டு வருவேன்.

மாணவ நண்பர்களே, அடுத்த முறை நீங்கள் அந்திக் காட்சியைப் படமெடுக்கப் போகும்போது, நிழலை அளந்துகொள்ளுங்கள். சூரியன் மறைந்தபின் இருபது நிமிஷம் காத்திருங்கள். ஒருமுறையாவது திரும்பிப் பாருங்கள். உங்களோடு வந்தவர்களை, அவர்கள் கேட்பதற்கு முன்பே, அந்த ஒளியில் நிற்கச் சொல்லி ஒரு படம் எடுத்துவிடுங்கள்.